தெர்மாகோல் பெட்டியில் இறால் குஞ்சுகள்

எனக்கு முதன்முதலாக ரத்தம் கொதித்தது ஒன்பது வயதில், அனகாபுத்தூரில், ஒரு தெர்மாகோல் பெட்டிக்காக. அதற்குப் பிறகு எத்தனையோ விஷயங்களுக்குக் கோபப்பட்டிருக்கிறேன். ஆனால் நியாயம் முழுக்க என் பக்கமே இருக்கிறது என்று அவ்வளவு நிச்சயமாக இன்னொரு தடவை தோன்றியதில்லை.

எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தவர் சித்தப்பா. சிறுசேரியில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டிக்கொண்டு எங்கள் வீட்டிலேயே இருந்தார். ஒருநாள் தாம்பரத்து மீன்தொட்டிக் கடையிலிருந்து எட்டு இறால்களைப் பிளாஸ்டிக் கவரில் கொண்டுவந்தார். விரல் நீளம்கூடக் கிடையாது. கண்ணாடி மாதிரி உடம்பு, தின்றது வெளியிலிருந்தே தெரியும். புல் இறால் என்று பெயராம், பெரிய மீன்களுக்குத் தீனியாக விற்கிறார்களாம். அதைக் கேட்டதுமே எனக்குப் பாதிக் கோபம் வந்துவிட்டது. தீனிக்கென்று விற்றவற்றைக் குடும்பமாக்கிக் காட்டுவது என்று நானும் சித்தப்பாவும் முடிவு செய்தோம்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு தொட்டியில் பாசி போட்டு வளர்த்தோம். ஒரு மாதத்தில் ஒரு இறாலின் வயிற்றடியில் பச்சைப் பச்சையாக முட்டைகள் தெரிந்தன. மீன்காரரிடம் வாங்கிக் கழுவிய தெர்மாகோல் பெட்டியில் அதைத் தனியாக விட்டார் சித்தப்பா.

"பொரிஞ்சதும் தாயத் தூக்கி பழைய தொட்டியில வுட்ரு. இல்லன்னா அதுவே முழுங்கிடும்" என்றார்.

பெற்ற பிள்ளையை முழுங்குவதா! அந்தத் தாய்மேலும் எனக்குக் கோபம். ஒருநாள் காலையில் தண்ணீரில் தூசி போலப் புள்ளிகள் மிதந்தன. உடனே தாயை வெளியேற்றினேன். பெட்டியில் வெயில் பட வேண்டும், தண்ணீர் பச்சையாக வேண்டும் என்று சித்தப்பா சொல்லியிருந்ததால் மூடாமல் வைத்தேன். அதற்குப் பிறகு அவருக்கு வண்டியில் வேலை கூடிவிட்டது. குஞ்சுகளின் முழுப் பொறுப்பும் என் தலையில்.

பள்ளிக்கூடத்துச் சத்துணவு முட்டையில் மஞ்சள் கரு எனக்கு உயிர். அதைத் தின்னாமல் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு வந்து, நுணுக்கித் தண்ணீரில் தூவினேன். பலன் கிடைத்தது. இரண்டு வாரத்தில் தூசியாக இருந்தவை நெளிய ஆரம்பித்தன. என் நிழல் பட்டாலே எல்லாம் ஒரே நேரத்தில் முழுகும், கொஞ்ச நேரம் கழித்து மேலே வரும். என்னை அடையாளம் தெரிந்துகொண்டுவிட்டன என்று பூரித்துப் போனேன். சில வளைந்து இறால் வடிவத்துக்கே வந்துவிட்டன. அவை மட்டும் அவ்வப்போது காணாமல் போயின. காக்கைமேல் சந்தேகப்பட்டுக் கல் எறிந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சித்தப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். மூன்றாம் நாள், கொசு ஒழிப்பு வேலை செய்யும் அக்கா டார்ச்சும் நோட்டுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். குடம், பக்கெட், டிரம் எல்லாம் பார்த்துவிட்டு மாடிப்படிப் பக்கம் போனார்.

"இன்னா பாப்பா இது, பொட்டி நிறைய புழு வளத்துகினு கீறே?"

"புழு இல்ல, இறால் குஞ்சு!"

"நிழலு பட்டா முழுகுது பாரு. இது கொசுப்புழு பாப்பா. அந்தத் தொட்டியில ஒண்ணு கூட இல்ல பாரு, பெரிய இறால் துன்னுடுச்சி."

நான் கையைப் பிடித்து இழுத்தேன், அழுதேன். அவர் பெட்டியை அப்படியே தூக்கி வாசலில் கொதிக்கும் சிமெண்டுத் தரையில் கவிழ்த்தார். இத்தனை நாள் மஞ்சள் கரு ஊட்டி வளர்த்தவை என் கண் முன்னாலேயே காய்ந்தன. கொலைகாரி என்று தெருவே கேட்கும்படி கத்தினேன்.

சாயங்காலம் அப்பா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கையில் டிரிப்ஸோடு படுத்திருந்த சித்தப்பாவிடம் மூச்சுவிடாமல் முறையிட்டேன். குஞ்சுகள் முழுகிய அழகு, வளைந்து நின்ற அழகு, நடுவில் காணாமல் போனவை என்று ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர் முகம் ஒரு மாதிரி ஆனது. கண்ணை மூடிக்கொண்டார். காய்ச்சல் ஏறுகிறது என்று நினைத்தேன்.

"டேய், உனக்குத்தான் தெரியும். அது இறாலா, கொசுவா?" என்று கேட்டார் அப்பா.

சித்தப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"இறால் குஞ்சுதாண்ணா. அவங்களுக்கு அடையாளம் தெரில."

வேறென்ன சாட்சி வேண்டும்? அப்பா அந்த அக்காவின் சூப்பர்வைசரைப் போனில் பிடித்து விளாசினார். பக்கத்தில் நின்று நானும் எடுத்துக் கொடுத்தேன்.

கல்லூரியில் விலங்கியல் லேபில் மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்தபோது, வளைந்த அந்த உருவம் எனக்கு மிகவும் பழக்கமானதாக இருந்தது. கொசுவின் கூட்டுப்புழு என்று எழுதியிருந்தது. இறால் குஞ்சுகள் பொரித்த சில நாட்களிலேயே செத்திருக்கும். புழுக்களைத் தின்றிருக்கக்கூடிய தாயை நானே வெளியேற்றிவிட்டு, மஞ்சள் கரு ஊட்டி வளர்த்தது கொசுக்களை. சித்தப்பாவைக் கடித்தது அதில் ஒன்றுதானா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நான் சொல்லச் சொல்ல அவருக்கு அன்றே புரிந்துவிட்டது. ஒன்பது வயதுப் பெண் அதைச் சுமக்க வேண்டாம் என்று, சுமையை எடுத்து இன்னொருத்தி தலையில் வைத்துவிட்டார். அந்த அன்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அப்பா போனில் விளாசியதற்கு மறுநாள் சூப்பர்வைசர் அந்த அக்காவை எங்கள் வாசலுக்கே கூட்டிவந்து நிறுத்தினார். அக்கா டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் உயரத்துக்குக் குனிந்தார்.

"தெரியாம கொட்டிட்டேன் பாப்பா. மன்னிச்சுக்க."

நான் பெரிய மனசு பண்ணி மன்னித்தேன். இனிமேலாவது கொட்டுவதற்கு முன்னால் நன்றாகப் பார்த்துவிட்டுக் கொட்டுங்கள் என்று புத்தியும் சொல்லி அனுப்பினேன்.