பங்கருக்குள் ஓடிய படம்

அக்காவின் புரொஜெக்டரை விற்பதென்றால் முதலில் அது வேலை செய்கிறது என்று காட்ட வேண்டும். அந்த நாட்களில் வன்னியில் மின்சாரத்தில் இயங்கும் எந்தப் பொருளையும் ஓட்டிப் பார்க்காமல் யாரும் வாங்கமாட்டார்கள். ஓட்டிக் காட்டும் எண்ணெய்ச் செலவு விற்பவருடையது. கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தில் ஒரு கொட்டிலில் இருந்தோம். விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய் முழுவதையும் அக்கா இதற்கென்று ஒதுக்கிவிட்டார்.

அத்தான் கப்பலில் வேலை செய்தவர். சிங்கப்பூரில் வாங்கிவந்த வீட்டுப் புரொஜெக்டர் அது. சின்னப் படச்சுருள் ஓடுவது. நாலைந்து தடவைதான் ஓடியிருக்கும். பிறகு போரில் மின்சாரம் நின்றது. அதற்குப் பிறகு அத்தானும் காய்ச்சலில் இறந்தார். அப்போது மகள் கைக்குழந்தை. இப்போது அவளுடைய இதயத்தில் ஓட்டை என்று வைத்தியர் சொல்லியிருந்தார். கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும். வன்னியைவிட்டு வெளியேற, நாள் குறித்த பாஸ் கிடைத்துவிட்டது. பயணச் செலவுக்கு விற்க அந்தப் பெட்டியைத் தவிர வேறொன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

வாங்க வந்தவர் முல்லைத்தீவுக் கரைப்பக்கத்து மீனவர். மாதா கோயில் பெருநாளில் படம் காட்டுவதற்காக ஊரில் காசு சேர்த்து அவரை அனுப்பியிருந்தார்கள். இருட்டுமுன் சைக்கிளில் திரும்ப வேண்டும் என்றார். நண்பகலில் இருட்டுக்கு எங்கே போவது? எங்கள் காணியில் இருட்டாக இருந்த ஒரே இடம், குண்டுவீச்சுக்குப் பதுங்க வெட்டிய பங்கர்தான்.

ஜெனரேற்றரை இரவல் வாங்கி வெளியே வைத்தோம். காபரேற்றரில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டுக் கயிற்றை இழுத்தேன். எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினேன். உள்ளே மண்சுவரில் வெள்ளை வேட்டி கட்டியிருந்தது.

“இந்தச் சத்தத்தில பிளேன் வந்தாலும் கேளாது” என்றேன்.

“வந்தா என்ன தம்பி? ஓடி ஒளிக்கத் தேவையில்லை. ஏற்கெனவே உள்ளுக்கதானே இருக்கிறம்” என்றார் மீனவர்.

இருந்தது ஒரே ஒரு சுருள். அத்தானோடு வேலை செய்த ஒருவர் பிடித்தது. துறைமுகம், பாரந்தூக்கி, கப்பலின் முன்பக்கம். பிறகு அத்தான் மேல்தட்டில் நடந்து வந்து, கையை ஆட்டி, திரும்பிப் போனார். தகப்பன் நடப்பதை மகள் பார்த்தது அன்றுதான்.  வேட்டியைத் தொடப் போனவளை அக்கா பிடித்து மடியில் இருத்தினார்.

“மெசின் நல்லாத்தான் ஓடுது, தங்கச்சி. எடுக்கிறன். ஆனா றீலையும் தரோணும்” என்றார் மீனவர்.

“அது எங்கட வீட்டுப் படம், அண்ணை.”

“பங்குச் சாமி பெருநாளுக்குத்தான் வெளியிலயிருந்து படம் எடுப்பிக்கிறார். இப்ப வெறும் பெட்டியோட போனா, காசு போட்ட சனம் என்னை உயிரோட விடாது. அங்கையும் ஓட்டிக் காட்டோணுமெல்லோ?”

அவர் சொன்னதில் பிழையில்லை. வேறு வாங்குபவரைத் தேட பாஸில் நாளும் இல்லை. அக்கா சுருளைக் கழற்றி, பங்கர் வாசலுக்குக் கொண்டுபோய், வெளிச்சத்தில் பிடித்து விரித்தார். பிறகு என்னிடம் கத்தரிக்கோல் கேட்டார்.

“கப்பலைத் தாறன். ஆளைத் தரமாட்டன்.”

மீனவர் சிரித்துவிட்டார். “ஆளை வச்சு நான் என்ன செய்யிறது? கப்பல் காணும். எங்கட ஆக்கள் கப்பலெண்டா குறை பிடிச்சுக் குறை பிடிச்சே நாலு தரம் பாப்பினம்.”

அத்தான் வரும் பகுதி இரண்டு முழம் இருந்தது. மிச்சத்தை ரேப்பால் ஒட்டிக் கொடுத்தோம். அவர் பெட்டியைச் சாக்கில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனார்.

பின்னேரம் மகள் கேட்டாள்: “அம்மா, அப்பா நடக்கிறதை இன்னொருக்கால் காட்டுங்கோ.”

அக்கா அந்தத் துண்டை வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, விரல்களுக்கிடையால் மெல்ல இழுத்தார். சிறுநகம் அளவுப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின.

“நடக்கேல்லை. நிக்கிறார்.”

அக்கா வேகமாக இழுத்தார். “இப்ப?”

மகள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “இல்லை. நீங்கள்தான் இழுக்கிறியள்.”

இராணுவச் சோதனைச் சாவடியில் படச்சுருள் அகப்பட்டால் வீண் விசாரணை வரும். அடுத்த நாள் அதை என்னிடம் தந்துவிட்டு, அக்கா மகளுடன் வவுனியா வழியாகக் கொழும்புக்குப் புறப்பட்டார்.