சூளை மீட்டரின் நாற்பது டிகிரி

விருத்தாசலத்தில் நான் பீங்கான் துறைத் தலைவராக இருந்த கல்லூரியில், சூளையின் மீட்டர் நாற்பது டிகிரி குறைத்தே காட்டும். பழைய ஆட்களுக்கு அது தெரியும். ஆயிரத்து இருநூறு வேண்டுமென்றால், மீட்டர் ஆயிரத்து நூற்று அறுபதைக் காட்டும்போதே அணைத்துவிடுவோம். எங்கும் எழுதி வைக்கவில்லை. புதிதாக வருகிறவர் ஒருமுறை சரக்கைக் கெடுத்த பிறகுதான் சொல்வோம். அன்றைக்கு எல்லோரும் சிரிப்போம்; டீ அவர் செலவு. நான் சேர்ந்தபோதும் அப்படித்தான் சிரித்தார்கள்.

பெண்ணாடத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோன புது விரிவுரையாளர் முதல் கூட்டத்திலேயே, "சூளைக்கு ஒரு பதிவேடுகூட இல்லீங்களா சார்?" என்று கேட்டார். எல்லோர் முன்னாலும் கேட்டதை நான் மறக்கவில்லை.

அவருடைய தகுதிகாண் பருவம் முடிய ஒரு மாதம் இருந்தது. வேலை நிரந்தரமாவது என் அறிக்கையைப் பொறுத்தது. அதுவரை சூளையைத் தொடவிடாமல் வைத்திருந்த நான், இறுதியாண்டு மாணவர்களின் தேர்வுப் பொருள்களைச் சுடும் பொறுப்பை அவரிடம் கொடுத்தேன்.

மூட்டுவதற்கு முன் என்னிடமே வந்தார்.

"மீட்டரை நம்பலாங்களா சார்?"

"நம்பாம, பின்ன எதுக்கும்மா மாட்டி வச்சிருக்கு?"

மதியம் சூளை ஊழியர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, ஆயிரத்து நூறு தாண்டிடுச்சுங்க. அந்தம்மாகிட்ட சொல்லிடட்டுங்களா?"

"நமக்கெல்லாம் யாருய்யா சொன்னாங்க?"

"பசங்க பரீட்ச சாமானுங்க..."

"போய் வேலையப் பாருய்யா."

அவர் போனதும் எழுந்து கதவு வரை போனேன். சூளைக் கூடம் இருபதடி தூரம். மீட்டர் ஆயிரத்து நூற்று அறுபதைத் தொட இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. திரும்பி வந்து விடைத்தாள் திருத்தினேன். யாருக்கு எவ்வளவு போட்டேன் என்று தெரியாது.

மறுநாள் சூளையைத் திறந்தபோது, கோப்பைகள் சரிந்து தட்டோடு ஒட்டிக் கிடந்தன. யாரும் சிரிக்கவில்லை. அவர் பக்கத்துத் தொழிற்கூடத்தில் மீட்டர் இரவல் வாங்கி ஒப்பிட்டு, வித்தியாசத்தை எழுதிக் கொடுத்தார். சுடுவதற்கு முன்பே சோதித்திருக்க வேண்டும், இது கவனக்குறைவு என்று நான் அறிக்கை எழுதினேன். அவர் வேலை போயிற்று.

கடைசி நாள் விடைபெற வந்தார். ஊழியரும் கோப்புகளோடு நின்றிருந்தார்.

"அந்த நாப்பது டிகிரி உங்களுக்கு முன்னாடியே தெரியுங்களா சார்?"

"தெரியாதும்மா."

ஊழியர் தரையைப் பார்த்தார்.

"அப்ப நான்தான் பார்த்திருக்கணும் சார். போயிட்டு வரேங்க."

இப்போது வேப்பூர் பக்கம் ஒரு பள்ளியில் பாடம் எடுக்கிறார். விருத்தாசலத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நான் இன்னும் போகவில்லை.