மேனேஜரும் ஒரு வாளிக் கடலும்

லிப்ட் மெக்கானிக் ஒருவருக்குக் கடல் பைத்தியம் பிடித்தது ஒரு பல் டாக்டரின் வரவேற்பறையில். லிப்டைச் சரிபார்க்கப் போனவர் அங்கிருந்த மீன் தொட்டியைப் பார்த்துவிட்டார். உள்ளே பவளம், அதன் இடுக்கில் ஆரஞ்சும் வெள்ளையுமாகக் குட்டி மீன்கள். நல்லவேளை, அன்று லிப்டுக்குள் யாரும் மாட்டியிருக்கவில்லை. மனிதர் ஸ்குரூ டிரைவரும் கையுமாக வாயைப் பிளந்து நின்றுவிட்டார்.

அவர் வீட்டிலும் தொட்டி உண்டு. நல்ல தண்ணீர்த் தொட்டி. அதில் ஒரே ஒரு ஆஸ்கர் மீன். விரல் நீளத்தில் வந்தது, இப்போது உள்ளங்கையில் அடங்காது. சாப்பாடு கொஞ்சம் தாமதமானால் கண்ணாடியில் முட்டும். பிடிக்காத கூழாங்கல்லை வாயால் கவ்விக் கொண்டுபோய் மூலையில் துப்பும். வேலை செய்பவர்களை அது முறைத்துப் பார்க்கிற அழகுக்கு மனைவி வைத்த பெயர் 'மேனேஜர்'.

சிக்கல் இதுதான்: சோபாவுக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில் ஒரு தொட்டிக்குத்தான் இடம். உப்புத் தண்ணீரில் மேனேஜர் பிழைக்காது. கடல் உள்ளே வரவேண்டுமென்றால் மேனேஜர் வெளியே போகவேண்டும்.

"ஆஸ்கரை நான் எடுத்துக்கறேன், சார். பெரிய தொட்டி இருக்கு, நல்லா பாத்துக்கறேன்," என்றார் தொட்டி மீன் விற்கும் கடைக்காரர். "ஆனா முதல்ல ஒரு பரீட்சை. ஒரு வாளி உப்புத் தண்ணிய ஒரு மாசம் வெச்சுக் காப்பாத்துங்க. மீன் கிடையாது, வெறும் தண்ணி. தண்ணி ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால உள்ள ஒரு கோடு போட்டு, அதுக்குக் கீழ இறங்க இறங்க நல்ல தண்ணிய ஊத்தணும். மறந்தா உப்பு ஏறிடும். வெறும் வாளியவே காப்பாத்த முடியலன்னா பவளத்த எங்க காப்பாத்தறது?"

வாளி வந்தது, வாளிக்குள் கோடு வந்தது, உப்பை அளக்க ஒரு மிதவையும் வந்தது. மெக்கானிக் பட்டறையில் போய்க் கடலைப் பற்றி அளந்து தள்ளினார். "அண்ணே, எப்போ அலை அடிக்கும்?" என்று கூட வேலை செய்பவர்கள் கேட்கும் அளவுக்கு ஊதிவிட்டார்.

முதல் வாரம் ஒழுங்காக ஊற்றினார். பிறகுதான் மேனேஜரின் நினைப்பு வந்தது. கதவைத் திறந்ததும் கண்ணாடியோரம் ஓடிவந்து வாலை ஆட்டுகிற ஜென்மம் வீட்டில் வேறு எது? ஆசைப்பட்டது அவர், வீட்டை விட்டுப் போவது அது. வேண்டாம் என்று சொல்லலாம்தான். ஆனால் பட்டறையில் பேசிய பேச்சை எந்த முகத்தோடு திரும்ப வாங்குவது? ஊரில் மாட்டிக்கொண்டவர்களையெல்லாம் இழுத்து வெளியே விடுகிறவர், தானே இரண்டு மாடிக்கு நடுவில் நின்றார்.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. பரீட்சையில் தோற்றுவிட்டால்? யாரும் கேள்வி கேட்க முடியாது. அன்றிலிருந்து வாளியில் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. தண்ணீர் வற்றட்டும், உப்பு ஏறட்டும்.

ஆனால் ஞாயிறுதோறும் மிதவையைப் போட்டால், பாழாய்ப்போனது, அதே அளவைக் காட்டியது. தண்ணீரும் கோட்டில் நின்றது; வெயில் போதவில்லை போலும். மிதவை கெட்டுவிட்டதோ என்று கடையில் காட்டினார்.

"மிதவை கல்லு மாதிரி இருக்கு. நீங்க பாஸ் ஆகற வழியப் பாருங்க, சார்!" என்று கடைக்காரர் முதுகில் தட்டினார். மெக்கானிக்கின் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம் என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார்.

மாதம் முடிய இருந்த சமயம், ஒருநாள் வேலை சீக்கிரம் முடிந்து மதியமே வீடு திரும்பினார். வாளி முன்னால் மனைவி குந்தியிருந்தாள். கையில் சொம்பு. கோட்டைக் குனிந்து பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே தொட்டியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"என்னை ஏன்டா முறைக்கிற? அவர் ஆசைப்படறாரு, நான் என்ன பண்ணட்டும்? அங்க போய் ஒழுங்கா சாப்பிடு. கல்லத் தூக்கிப் போட்டு மத்த மீனோட வம்பு வளர்க்காத."

"நீதான் ஊத்தினியா?" என்றார் மெக்கானிக்.

மனைவி திடுக்கிட்டுச் சொம்பை மறைக்கப் பார்த்தாள். "நீங்க மறந்துட்டீங்களேன்னுதான். உங்க ஆசை வீணாப் போகக்கூடாதுல்ல?"

"மறக்கல. வேணும்னேதான் விட்டேன்."

"ஏன்?"

அவர் தொட்டியைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். சொம்பைத் தரையில் நங்கென்று வைத்தாள்.

"வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன? ஒரு மாசமா நான் தனியா உக்காந்து அழுதிருக்கேன்!" என்றவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவருக்கும்தான்.

"பட்டறையில என்ன சொல்றது?"

"பொண்டாட்டி வேணாம்னுட்டான்னு சொல்லுங்க. எல்லாரும் நம்புவாங்க."

"சரி, இவ்வளவு தண்ணிய என்ன பண்றது?"

"முட்டி வலி, பாதம் வலின்னு தினமும் புலம்பறீங்களே. வைங்க காலை."

ஷூவைக் கழற்றி, பேன்ட்டை மடித்துக்கொண்டு, மெக்கானிக் தன் கடலுக்குள் இரண்டு காலையும் இறக்கினார். தண்ணீர் கோட்டைத் தாண்டித் தரையெல்லாம் வழிந்தது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மேனேஜர் முறைத்தது. சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது.