செத்த நாற்றும் ஊன்றிய நாற்றும்

ஒச்சம்மாக்காவின் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் பழகிய கை. அங்கே ஓர் ஏலச்செடி பட்டுப்போனால் உடனே வேறு கன்று ஊன்றியாக வேண்டும். குழி காலியாகக் கிடந்தால் கங்காணி ஏசுவார். மலைக்குளிர் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் போடியில் நான் வேலைபார்த்த விதைப்பண்ணைக்கு வந்துவிட்டார்.

இங்கே பூச்சி வளர்க்கிற வேலை. நெல்லின் சாற்றைக் குடிக்கும் புகையானை ஊரே மருந்தடித்துக் கொல்ல, நாங்கள் சோறு போட்டு வளர்த்தோம். "நல்லா படிச்சீங்க சார்" என்று அக்கா சிரிப்பார். ஒரு வலைக்கூண்டில் சாதாரண நெல், இன்னொன்றில் புகையான் வாய்வைக்க முடியாத புது ரகம். அதிலும் பிழைக்கிற பூச்சி உண்டா, அந்தத் திறமை குஞ்சுகளுக்கும் இறங்குமா என்பதுதான் என் ஆராய்ச்சி.

பிழைத்தன. குஞ்சுகளும் கொழுத்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. புது ரகம் இனி உதவாது, விதைக்காதீர்கள் என்று நாளைக்கே பக்கத்து ஊரான சிலமலை விவசாயிகளிடம் சொல்லப்போவதாக அக்காவிடம் பீற்றிக்கொண்டேன்.

அவர் முகம் சுண்டிப்போனது.

"சார், அந்தக் கூண்டுல அங்கங்க நாத்து அழுகிச் செத்துச்சு. பார்க்கப் பொறுக்கல. பக்கத்துக் கூண்டு நாத்தப் பிடுங்கி ஊனிட்டேன். அதத் தின்னுதான் பொழச்சிருக்கும்."

நாற்றாக இருக்கையில் இரண்டு ரகமும் ஒன்றுபோலவே இருக்கும். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கூண்டைக் குழப்பியதற்காக முன்பிருந்த ஆளைப் பண்ணை முதலாளி வேலையை விட்டு நிறுத்தியது அக்காவுக்குத் தெரியும். மறுபடி மலையேறத் தெம்பும் இல்லை. தெரிந்தேதான் சொன்னார். நானோ வாயில் வந்தபடி திட்டித் தீர்த்தேன். வீடு போய்ச் சேர்வதற்குள் கோபம் இறங்கிவிட்டது. என் பேச்சைக் கேட்டு ஒரு ஊரே நல்ல விதையைத் தூக்கி எறிந்திருக்குமே! அந்தப் புண்ணியவதிக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டவன். மறுநாள் காலையில் முதல் வேலையாக முதலாளியிடம் மன்றாடி, அக்காவின் வேலையைக் காப்பாற்றினேன்.

ஆராய்ச்சி முதலிலிருந்து தொடங்கியது. இம்முறை நாற்று செத்தால் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் ஊற்றுவார். பூச்சிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. தப்பிய ஒன்றிரண்டின் வாரிசுகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தோம். சிலமலையில் அந்த வருஷங்களில் புது ரகம் நன்றாக விளைந்தது.

எண்பத்துமூன்றில் ஒரு காலை, வாசலிலேயே என்னை மறித்தார்.

"சார், இப்ப நெசமாவே புது ரகத்தத் தின்னுதுக. குஞ்சுகளும் தின்னுது. நான் எதையும் ஊனல."

கூண்டைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. சைக்கிளைத் திருப்பிச் சிலமலைக்கு மிதித்தேன். அவர்கள் விதை ஊறப்போடுவதற்குள் வேறு ரகம் எடுக்கச் சொல்லியாக வேண்டும்.