களஞ்சியத்தில் கேட்ட பெயர்

நான் எழுதிய முதல் நாவல் ஒரு கொலைக் கதை. ராஜாக்கள் காலத்துச் செஞ்சிக் கோட்டையில் இரண்டு காவல் வீரர்கள் யாருக்கும் தெரியாமல் காதலிக்கிறார்கள். அவர்களில் ஒருவனை நெற்களஞ்சியத்துக்குள் யாரோ குத்திவிடுகிறார்கள். சாகும்போது அவன் காதலனின் பெயரைச் சொல்லி அலறுகிறான். எதைச் சொன்னாலும் எதிரொலிக்கிற கட்டடம் அது. கோட்டையே கேட்கிறது. அதனால் காதலன்தான் கொலையாளி என்று முடித்திருந்தேன்.

போன பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வந்த முருகனிடம் அதைக் கொடுத்தேன். கல்லூரி நாட்களில் பக்கத்துச் சிங்கவரத்திலிருந்து செஞ்சிக்கு, என்னைப் பார்க்கச் சைக்கிள் மிதித்து வருவான். ஊர் எங்களை நண்பர்கள் என்றே நினைத்தது. கோட்டையின் பழைய களஞ்சியத்துக்குள் மட்டும் அவன் என் பெயரைக் கத்துவான், நான் அவன் பெயரை. பிறகு வேலை எங்களைப் பிரித்துவிட்டது.

அதே களஞ்சியத்தில் உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரை படித்தான்.

“இன்னாடா எழுதி வச்சிருக்க? உசுரு போவும்போது எவனாச்சும் கொன்னவன் பேரைக் கூப்புடுவானா?”

“பின்ன யாரைக் கூப்புடுவான்?”

“நீ யாரைக் கூப்புடுவ?”

அவன் சிரிக்கவில்லை. ஊருக்குப் பயந்து பயந்து, கடைசியில் அந்தக் காதலை நானே குற்றவாளி ஆக்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. பழையபடி அவன் பெயரைக் கத்தினேன். சுவர்கள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லின.

கொலையாளியை மாற்றுவதற்காக முக்கால்வாசி நாவலைத் திருத்தி எழுதினேன். அந்த அலறலில் மட்டும் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை.