கதைக்காமல் நிற்கிற ஆள் தெரியுமா?

போன ஞாயிற்றுக்கிழமை நாவற்குடாவில் நண்பன் யோகராசா வீட்டுக்குப் போயிருந்தேன். கையில் ஒரு நல்ல செய்தி இருந்தது. அதனால் கொஞ்சம் மிதப்போடுதான் போனேன்.

யோகராசா ஓட்டோ ஓட்டியவன். கண்ணில் பிரஷர் கூடி, சில வருடங்களுக்கு முன் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது.

போனில் வாசித்ததைச் சொன்னேன். மூளையின் பின்பக்கத்தில் ஒரு சின்னச் சிப் வைக்கிறார்கள். மூக்குக்கண்ணாடியில் ஒரு கமரா. கமரா பார்ப்பதை அந்தச் சிப் மூளைக்குக் கொண்டுபோக, இருட்டுக்குள் ஒளிப்புள்ளிகள் தெரியுமாம். இன்னும் பரிசோதனைதான்... ஆனாலும் சின்ன விஷயமா?

"முகம் தெரியுமா மச்சான்?" என்று கேட்டான்.

"முகமெல்லாம் தெரியாதாம். கதவு எங்க, ஆள் எங்க எண்டு மட்டும் விளங்குமாம்."

ஏமாந்துவிட்டான் என்று நினைத்தேன். பிறகு கேட்டான்:

"கதைக்காம நிக்கிற ஆளும் தெரியுமா?"

எனக்கு விளங்கவில்லை. தேநீர் கொண்டுவந்த அவன் மனைவி தவமணிதான் விஷயத்தைச் சொன்னார். புளியந்தீவுக்கு ரியூசன் வகுப்புக்கு ஸ்கூட்டியில் போகிறேன் என்று மகள் கேட்டிருக்கிறாள். பாலத்தடி வாகன நெரிசலைச் சொல்லி இவன் மறுத்துவிட்டான். அன்றிலிருந்து அவள் அப்பாவோடு கதைப்பதில்லை.

நம் வீட்டில் பிள்ளை கோபித்தால் என்ன நடக்கும்? முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நம் கண்முன்னேயே திரியும். அதுவும் ஒரு ஆறுதல் என்று எனக்கு இதுவரை தோன்றியதில்லை. யோகராசாவுக்கோ, மகள் வாயை மூடினால் மகளே இல்லை.

"புள்ள வீட்டுக்குள்ளதான் திரியிறா. எங்க எண்டு தெரியாம நான் சுவரோட கதைச்சிக்கொண்டிரிக்கன்" என்றான். "முகம் வேணாம் மச்சான். அந்தப் புள்ளி போதும். அந்தப் பக்கம் திரும்பிக் கதைப்பன்."

தேநீரைக் குடிப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

நிமிர்ந்தபோது அறை வாசலில் மகள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இஞ்சதான் நிக்கன் அப்பா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா எனக்கு ஸ்கூட்டி வேணும்."

அவன் முகம் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பியது. சிரிப்பை அடக்க முடியவில்லை அவனுக்கு.

"அது ஏலா மகள்" என்றான்.

விஞ்ஞானிகளே, அந்தச் சிப்பைக் கொஞ்சம் கெதியாகச் செய்து முடியுங்கள்... அடுத்த சண்டை தொடங்கிவிட்டது.