ஆண்டவர் எடுக்கவில்லை

சட்டைத் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவள் என்பதற்காக மட்டும் அவளுக்குக் கத்திரி என்று பெயர் வரவில்லை. வாயும் அப்படி. ஆனால் கல்யாணமான புதிதில் அந்த வாய் திறந்ததே இல்லை.

முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஸ்கேன் பார்த்த டாக்டர், முதுகெலும்பில் குறை இருக்கலாம் என்றார். ‘இருக்கலாம்’ என்பதை நாத்தனார் ‘இருக்கு’ என்று ஆக்கிவிட்டாள். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். வீட்டில் அவள் சொன்னதுதான் சட்டம்.

“குறையோட பொறந்தா யாரு பாக்கறது? பேசாம கலைச்சுடு.”

கத்திரி புருஷனைப் பார்த்தாள். “அக்கா யோசிச்சுத்தான் சொல்லும்” என்றபடி அவன் குனிந்து செருப்பைத் தேடினான்.

கலைத்தார்கள். அந்த வாரமே சபையில், ஜெபக்குழுத் தலைவியான நாத்தனார் எழுந்து நின்று, “என் தம்பி குழந்தைய ஆண்டவரே எடுத்துக்கிட்டார்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். கத்திரிக்கு உடம்பு பற்றி எரிந்தது. பிள்ளையை உருவாக்கியவர் தலையிலேயே பழியைப் போட்டுவிட்டாளே!

அதற்குப் பிறகு அவளுக்குக் கரு தங்கவில்லை. வஞ்சம் தங்கியது. நாத்தனார் ஜெபிக்க எழுந்தால் இவள் எழுந்து வெளியே போவாள். ஒருமுறை சபை ஆண்டுவிழாவுக்கு உடுப்பு தைக்கச் சொல்லி நாத்தனார் துணி கொடுத்தாள். அக்குளில் கொஞ்சம் இறுக்கமாகவே வெட்டினாள் கத்திரி. துதிக்கக் கையைத் தூக்கியதும் இரண்டு பக்கமும் டர்ரென்று கிழிந்தது. அன்று ராத்திரி அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

வருஷங்கள் ஓடின. ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் நாத்தனார் தொழிற்சாலை வாசலில் வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது. கல்யாணமாகாத மகள் முழுகாமல் இருக்கிறாள். காரணமானவன் கம்பி நீட்டிவிட்டான்.

“நான் கூடப் போனா யாராவது பாத்துடுவாங்க. நீ கூட்டிட்டுப் போய் முடிச்சுட்டு வந்துடு.”

“சரி அண்ணி” என்றாள் கத்திரி. உள்ளுக்குள் குதித்தாள். வேண்டிக் காத்திருந்தது தானாக வந்து மடியில் விழுந்திருக்கிறது. சபை முழுக்கச் சொல்லி மானத்தை வாங்கிவிடலாம்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் அந்தப் பெண் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கத்திரியின் கணக்கெல்லாம் அங்கேயே தடுமாறியது. தாய் மேல் இருக்கிற கோபத்துக்கு உள்ளே இருக்கிற உயிர் என்ன செய்யும்?

“இது உனக்கு வேணுமா, வேண்டாமா? என்னை அன்னிக்கு யாரும் கேக்கல. நான் கேக்கறேன்.”

“வேணும் அத்தை” என்று அழுதாள் பெண். “அம்மாவ நெனச்சாத்தான் பயமா இருக்கு.”

“உங்கம்மாவ நான் பாத்துக்கறேன். எழுந்திரு.”

நேராகத் தன் வீட்டுக்கே கூட்டிவந்தாள். பதறி ஓடிவந்த நாத்தனாரை வாசலிலேயே நிறுத்தினாள்.

“உங்க பேரப்பிள்ளை உயிரோடதான் இருக்கு அண்ணி. என் பிள்ளைய ஆண்டவர் எடுக்கல, நீங்கதான் எடுத்தீங்க. அதைச் சபையில எழுந்து சொல்லுங்க. சொல்ற வரைக்கும் இந்தப் படி ஏறக்கூடாது.”

புருஷன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். “நீங்க செருப்பைத் தேடுங்க” என்றாள்.

போதகர் வந்து மன்னிப்பைப் பற்றிப் பேசினார். “கேட்டாத்தானே ஐயா கொடுக்க முடியும்? இங்க ஒருத்தரும் கேக்கலையே” என்று காபி கொடுத்து அனுப்பினாள். நாத்தனார் கொண்டுவந்த பழங்கள் வாசலிலேயே அழுகின. பெண்ணுக்கு மகள் பிறந்தாள். அப்போதும் கதவு திறக்கவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிறு, சாட்சி சொல்லும் நேரத்தில் நாத்தனார் எழுந்தாள். தலை கவிழ்ந்து முனகினாள்.

“சத்தமா சொல்லுங்க அண்ணி. பின்னாடி கேக்கல” என்றாள் முன்வரிசையில் குழந்தையை மடியில் வைத்திருந்த கத்திரி.

நாத்தனார் சத்தமாகவே சொன்னாள். இந்தமுறை ஆமென் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கத்திரி எழுந்துபோய்க் குழந்தையை அவள் கையில் வைத்தாள். பிறகு போதகரிடம் திரும்பி, “இப்ப என் பிள்ளைக்காக ஜெபம் பண்ணுங்க ஐயா. இத்தனை வருஷத்துல ஒருத்தரும் பண்ணல” என்றாள். பிறக்காத அந்தப் பிள்ளைக்காகச் சபையே முழங்காலில் நின்றது. அவள் புருஷன் தேம்பித் தேம்பி அழுதான்.

“அண்ணியை மன்னிச்சுட்டியாம்மா?” என்று வெளியே வரும்போது போதகர் கேட்டார்.

“கதவைத் திறந்துட்டேன் ஐயா. மத்தது இன்னும் வரல.”

இப்போது நாத்தனார் தினமும் காலையில் வந்து பேத்தியைக் குளிப்பாட்டுகிறாள். கத்திரி வெந்நீர் வைத்துக் கொடுக்கிறாள். பேசுவதில்லை.